ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேரம் எங்கே போகிறது?

"நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேர்டு, எக்செல், மெயில் எல்லாம் ஓரளவு தெரியும். ஆனாலும் சாயங்காலம் பார்த்தால் பாதி வேலை அப்படியே கிடக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் அதே வேலையை மதியத்துக்குள் முடித்துவிடுகிறார். எந்தெந்த ஷார்ட்கட் கற்றுக்கொள்ள வேண்டும்? ஏதாவது கோர்ஸில் சேர வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோர்ஸ் வேண்டாம். நூறு ஷார்ட்கட் கொண்ட பட்டியலும் வேண்டாம். அதை மனப்பாடம் செய்த யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் நினைவில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. பல வருடங்களாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. அப்படி உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: மெதுவாக டைப் செய்வதால் பின்தங்குபவர்கள் ரொம்பக் குறைவு. நேரம் கரைவது இரண்டு இடங்களில். ஒன்று, தேடுவதில். எங்கேயோ வைத்த ஃபைல், எப்போதோ வந்த மெயில், திறந்து வைத்திருந்து மூடிப்போன பக்கம். இன்னொன்று, ஒருமுறை செய்ததையே திரும்பச் செய்வதில். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் குறைப்பதற்காகத்தான். விண்டோஸ் கம்ப்யூட்டரை மனதில் வைத்துச் சொல்கிறேன். மேக் என்றால் சில சாவிகள் மாறும். வேர்டு, பிரவுசர் போன்றவற்றில் பெரும்பாலும் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், எக்செல்லில் இருந்த அறுபது பேரின் விவரங்களை ஆபீஸ் சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெயரை காப்பி செய்வார், அந்தப் பக்கம் போய் பேஸ்ட் செய்வார், திரும்பி வந்து போன் நம்பரை காப்பி செய்வார், மறுபடி அந்தப் பக்கம். பிறகு மெயில் முகவரி, பிறகு ஊழியர் எண். ஒரு ஆளுக்கு நாலு தடவை போக வேண்டும், நாலு தடவை வர வேண்டும். அறுபது பேருக்கு 240 நடை. நடுவில் யாராவது கூப்பிட்டால், எது வரைக்கும் ஏற்றினோம் என்று பார்த்துக்கொண்டு வர இன்னும் ஐந்து நிமிடம்.

அவருக்கு நான் காட்டியது இரண்டே விஷயம். முதலில் இரண்டு விண்டோவையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டினால் திறந்திருக்கும் விண்டோ திரையின் இடது பாதிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். வலது அம்புக்குறி என்றால் வலது பாதி. அடுத்தது, விண்டோஸ் கீயும் வி எழுத்தும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து இது இருக்கிறது. ஆனால் தானாக வேலை செய்யாது. முதல் தடவை அழுத்தும்போது இயக்கலாமா என்று கேட்கும், சம்மதம் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் நீங்கள் காப்பி செய்யும் கடைசி 25 விஷயங்களை அது வரிசையாக வைத்திருக்கும். நாலு விவரத்தையும் வரிசையாக காப்பி செய்துவிட்டு, ஒரே நடையில் அந்தப் பக்கம் போய், ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒட்டிவிடலாம். அடிக்கடி தேவைப்படும் ஒரு வரியை, உதாரணமாக ஆபீஸ் முகவரியையோ வங்கிக் கணக்கு விவரத்தையோ, அந்தப் பட்டியலில் பின் செய்து (குண்டூசி அடையாளத்தைத் தட்டி நிலையாக) வைத்தால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்த பிறகும் அது அங்கேயே இருக்கும். பின் செய்யாதவை போய்விடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: நீங்கள் காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் உட்காரலாம். நாலு பேர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இதை இயக்க வேண்டாம்.

காப்பி, பேஸ்ட் இரண்டையும் 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர் என்பவர் தன் சகாக்களோடு சேர்ந்து உருவாக்கினார். 2020இல்தான் காலமானார். நாம் ஒரு நாளில் எத்தனை தடவை அவருடைய வேலையைப் பயன்படுத்துகிறோம் என்று நினைத்தால் எனக்கு எப்போதும் நன்றியாக இருக்கும்.

பேஸ்ட் என்றதும் இன்னொன்று. இணையத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ எடுத்து ஒட்டினால் எழுத்தின் அளவு, நிறம், பின்னணி எல்லாம் கூடவே வந்து நம் பக்கத்தைக் குலைத்துவிடும். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். பிரவுசரிலும் கூகுள் டாக்ஸிலும் இது ரொம்ப நாளாக உண்டு; புதிய வேர்டு பதிப்புகளிலும் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் வேலையில் இன்னொரு பகுதி, அதே அறுபது பேருக்கும் கடிதம் தயாரிப்பது. ஒரு கடிதத்தைத் திறந்து, பெயரை மாற்றி, புதிய பெயரில் சேவ் செய்து, மறுபடி பெயரை மாற்றி... இதற்கு வேர்டில் மெயில் மெர்ஜ் இருக்கிறது. எக்செல் பட்டியலை இணைத்துவிட்டு, கடிதத்தில் பெயர் வரும் இடத்தையும் தொகை வரும் இடத்தையும் காட்டிவிட்டால் அறுபது கடிதமும் ஒரே தடவையில் வந்துவிடும். முதல் தடவை கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒரே மாதிரி வேலையை மூன்றாவது தடவை செய்கிறோம் என்று உணர்ந்தாலே, கையை நிறுத்திவிட்டு "இதற்கு வேறு வழி இருக்குமா" என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். அநேகமாக இருக்கும்.

சரி, தேடுவதற்கு வருவோம். ஃபைலுக்கு வைக்கும் பெயரில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் கரெக்ட்" என்று மூன்று ஃபைல் இருந்தால் ஒரு மாதம் கழித்து எது கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது. தேதியை முன்னால் போடுங்கள். அதிலும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்: 2025-03-15. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. காரணம் எளிமையானது. கம்ப்யூட்டர் பெயர்களை இடமிருந்து வலமாகப் படித்து அடுக்குகிறது. நாளை முன்னால் போட்டால் 05-12-2024 மேலேயும் 12-01-2024 கீழேயும் வரும்; டிசம்பர் ஜனவரிக்கு முன்னால் போய்விடும். வருடத்தை முன்னால் போட்டால் பெயர் வரிசையே காலவரிசையாகிவிடும், எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும். அதன் பின்னால் யாருக்கு, எதற்கு என்று இரண்டு மூன்று சொல். திருத்தங்களுக்கு 01, 02 என்ற எண். அவ்வளவு போதும்.

இருக்கிற ஃபைல்களுக்குப் பெயர் மாற்ற வேண்டுமானால் எஃப்2 அழுத்துங்கள். மாற்றியதும் எண்டருக்குப் பதில் டேப் கீயைத் தட்டினால் அடுத்த ஃபைலின் பெயர் தானே திறக்கும். இருபது ஃபைலை மௌஸைத் தொடாமல் மாற்றிவிடலாம்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆறேழு அடுக்கு வைப்பவர்களைப் பார்க்கிறேன். அடுக்கு கூடக் கூட, எதை எங்கே வைத்தோம் என்ற யோசனையும் கூடும். இரண்டு அல்லது மூன்று அடுக்கோடு நிறுத்தி, நல்ல பெயரையும் தேடுபெட்டியையும் நம்புவது மேல். விண்டோஸின் சொந்தத் தேடல் மெதுவாக இருக்கிறது என்றால் எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரில் இரண்டு எழுத்தை டைப் செய்வதற்குள் பட்டியலைக் காட்டிவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன் சிஸ்டம் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இன்னும் பல ஆபீஸ்களில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதனால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறையான யுனிகோடில் ஒரு பெயரை அடித்துத் தேடினால் அந்த ஃபைல் கண்ணில் படவே படாது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் குப்பையாகத் தெரியும். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டிய பழைய ஆவணங்களையாவது யுனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். அதற்கு மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும், சில எழுத்துகள் பிசகும். புதிதாக அடிப்பதற்கு விண்டோஸிலேயே தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம், விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் அழுத்தினால் மொழி மாறும். ஒலியியல் முறையில் (உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுவது) அடித்துப் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். நிறைய அடிக்க வேண்டியவர்களுக்கு நான் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைத்தான் சொல்வேன். உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. இரண்டு வாரம் கை தடுமாறும், பிறகு கையே எழுதும்.

இணையத்தில் தேடும்போது மூன்று பழக்கம் போதும். சரியாக அதே சொற்றொடர் வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் கழித்தல் குறி. ஒரே ஒரு தளத்துக்குள் தேட வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரி. அரசு விதிமுறையையோ ஒரு படிவத்தையோ தேடும்போது இந்தக் கடைசி வழி, விளம்பரப் பக்கங்களைத் தாண்டி நேராகச் சேர வேண்டிய இடத்தில் கொண்டு விடும்.

பிரவுசரில் தவறுதலாக மூடிய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T). நாலு தடவை அழுத்தினால் மூடிய நாலும் வரிசையாகத் திரும்பும். முகவரிப் பட்டைக்குத் தாவ கண்ட்ரோல், எல். ஒரு தளம் பழைய விவரத்தையே காட்டுகிறது, பட்டன் வேலை செய்யவில்லை என்றால் கண்ட்ரோலும் எஃப்5உம் அழுத்தி முழுதாகப் புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் இன்காக்னிட்டோ விண்டோவில் (பழைய குக்கிகள் இல்லாமல் திறக்கும் தனி விண்டோ) அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக வந்தால் கோளாறு தளத்தில் இல்லை. உங்கள் பிரவுசரில் சேர்ந்திருக்கும் குக்கியிலோ (தளங்கள் சேமித்து வைக்கும் சிறு தகவல்) எக்ஸ்டென்ஷனிலோ (பிரவுசரில் சேர்த்த துணை மென்பொருள்) இருக்கிறது. உதவிக்குக் கூப்பிடும்போது இதைச் சேர்த்துச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. கூடவே விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் அழுத்தி, பிழைச் செய்தியைப் படமாக வெட்டி அனுப்பிவிடுங்கள்.

எக்செல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், அதில் நேரம் மட்டும் போவதில்லை, தகவலே போகும். போனது தெரியவும் தெரியாது.

ஒரு செல்லில் 0456 என்று அடித்துப் பாருங்கள். எண்டர் தட்டியதும் 456 ஆகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்குக் கணக்கில் மதிப்பில்லை என்று எக்செல் அதை எடுத்துவிடுகிறது. ஊழியர் எண்ணுக்கோ போன் நம்பருக்கோ அது முக்கியம். அடுத்து 16 இலக்க எண் ஒன்றை அடியுங்கள்: 1234567890123456. மேலே இருக்கும் ஃபார்முலா பட்டையில் பார்த்தால் கடைசி இலக்கம் 6 இருந்த இடத்தில் 0 இருக்கும். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். அந்த ஃபைலை சேவ் செய்துவிட்டால் அந்த 6ஐ அதிலிருந்து யாராலும் மீட்க முடியாது. அதனால் கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எந்த எண்ணாக இருந்தாலும், முதலிலேயே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுப் பிறகு அடியுங்கள். ஒன்றிரண்டு செல் என்றால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டாலே போதும். சிஎஸ்வி ஃபைல் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) வந்தால் அதை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா மெனுவில் இருக்கும் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி வழியாக உள்ளே கொண்டுவந்தால் எந்தப் பத்தி டெக்ஸ்ட் என்று நீங்களே சொல்லலாம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச் 1, செப்டம்பர் 1 என்ற தேதிகளைப் போல இருந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. பல ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல்கள் கெட்டுப்போய், கடைசியில் 2020இல் அந்த மரபணுக்களுக்கே பெயரை மாற்றினார்கள். அதே வருடம் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. தகவலை ஏற்றியது பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலில். அந்த வகையில் 65,536 வரிசைதான் கொள்ளும், அதற்கு மேல் வந்தது விடுபட்டுவிட்டது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களுக்குத் தகவல் போவதும் அதனால் தாமதமானது. இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் 10,48,576 வரிசை உண்டு. உங்கள் ஆபீஸில் இன்னும் பழைய வகையில் சேவ் செய்யும் வழக்கம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேகத்துக்கு எக்செல்லில் மூன்று சொல்கிறேன். பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் நின்றுகொண்டு கண்ட்ரோல், டி (T) அழுத்தினால் அது டேபிள் ஆகிவிடும். வடிகட்டும் அம்புக்குறிகள் தானே வரும், கீழே புதிய வரிசை சேர்த்தால் ஃபார்முலாவும் தானே நீளும், கீழே இறங்கினாலும் தலைப்பு கண்ணை விட்டுப் போகாது. இதைக் காட்டிய பிறகு பழைய முறைக்குத் திரும்பியவர் யாரையும் எனக்குத் தெரியாது. இரண்டாவது, கண்ட்ரோல், இ. ஒரு பத்தியில் "கேஎல்-1045-2023" என்பது போல நூறு குறியீடுகள் இருக்கின்றன, நடுவில் இருக்கும் எண் மட்டும் வேண்டும் என்று வையுங்கள். பக்கத்துப் பத்தியில் முதல் வரிக்கு 1045 என்று கையால் அடித்துவிட்டு, அடுத்த செல்லில் கண்ட்ரோல், இ. மீதி 99ஐயும் அதுவே பார்த்து எழுதிவிடும். எக்செல் 2013இலிருந்து இது உண்டு. மூலப் பத்தியை நீங்கள் பின்னால் திருத்தினால் இது தானாகத் திருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்றாவது, கண்ட்ரோலும் அரைப்புள்ளியும்: இன்றைய தேதி விழும். நாளைக்குத் திறந்தாலும் அந்தத் தேதி மாறாது.

இரண்டு பட்டியலை ஒப்பிடும்போது, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பெயரை எக்செல் "இல்லை" என்று சொன்னால், பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அரை நாளை விழுங்கிவிட்டு, கடைசியில் ஒரு வெற்றிடம்தான் காரணம் என்று தெரியவரும்போது அழுகையே வரும். ட்ரிம் ஃபார்முலா அதை எடுத்துவிடும். அப்புறம், கணக்குப் பட்டியலில் செல்களை மெர்ஜ் (பல செல்லை ஒன்றாக இணைப்பது) செய்யவே செய்யாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வரிசைப்படுத்தவோ வடிகட்டவோ போனால் அங்கேதான் சிக்கும்.

மெயிலில் நான் கடைப்பிடிப்பது கொஞ்சம்தான். பெறுபவர் முகவரியைக் கடைசியில் போடுவேன்; எழுதி, இணைப்பைச் சேர்த்து, படித்துப் பார்த்த பிறகுதான். அரைகுறையாகத் தவறி அனுப்புவது அதோடு நின்றுவிட்டது. ஜிமெயில் என்றால் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை செட்டிங்கில் 30 நொடிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் 5 நொடிதான் இருக்கும். தலைப்பில் "அவசரம்" என்று மட்டும் எழுதாமல் "மார்ச் சம்பளப் பட்டியல், வியாழனுக்குள் ஒப்புதல் வேண்டும்" என்று எழுதினால், திறக்காமலேயே வேலை புரியும், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். 25 எம்பிக்கு மேல் ஜிமெயிலில் இணைப்பாகப் போகாது. அதைவிடச் சிறியதாக இருந்தாலும், நாலு பேர் திருத்த வேண்டிய ஃபைலை இணைப்பாக அனுப்பாதீர்கள். நாலு பேரிடமிருந்து நாலு வேறு ஃபைல் திரும்பி வரும், அதை ஒன்றாக்குவது உங்கள் தலையில் விழும். ஒரே இடத்தில் வைத்து லிங்க் கொடுங்கள்.

புதிய மெயில் வந்ததும் மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். அந்த மிச்சம்தான் அடுத்த வேலையைக் கெடுக்கிறது. உங்கள் வேலைக்கு உடனே பதில் தேவையில்லை என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெயிலைத் திறந்து மொத்தமாகப் பார்ப்பதே நல்லது. மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பது எல்லா ஆபீஸிலும் கேட்கும் புகார். "தினமும் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் போகிறேன்" என்றார் ஒருவர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைக் காட்டினேன். அப்டைம் (புதிதாகத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது) என்ற இடத்தில் 23 நாள் என்று இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாடு உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதி நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து எழுப்புகிறது. சீக்கிரம் திறப்பதற்காகச் செய்தது. அதனால் பழைய சிக்கல்களும் கூடவே எழுந்து வருகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு தடவை, கிளம்பும்போது ரீஸ்டார்ட் கொடுங்கள். அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதியில், கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். தேவையில்லாதவற்றை நிறுத்தலாம், வைரஸ் தடுப்பு மாதிரியானவற்றைத் தொட வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. சீட்டை விட்டு எழுந்தால் விண்டோஸ் கீ, எல், திரை பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டில் குறியீடுகளைத் திணிப்பதைவிட நீளமாக வைப்பது முக்கியம். காரணமில்லாமல் மாதாமாதம் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017லேயே வழிகாட்டுதலை மாற்றிவிட்டது, ஏனென்றால் அப்படி மாற்றுபவர்கள் கடைசி எண்ணை மட்டும்தான் மாற்றுகிறார்கள். பிட்வார்டன், கீபாஸ் போன்ற ஏதாவது ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமிக்கும் மென்பொருள்) போட்டு வையுங்கள். லிங்கை அழுத்துவதற்கு முன் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். உண்மையான சொந்தக்காரர் பெயர் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கும், முன்னால் எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் யாரும் ஒட்டலாம். பிடிஎஃப் மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இலவசத் தளங்களில் சம்பளப் பட்டியலையும் அடையாள அட்டையையும் ஏற்றாதீர்கள். விண்டோஸ் 10இலிருந்து பிரிண்ட் கொடுக்கும்போதே பிடிஎஃப் ஆக சேவ் செய்யும் வழி உண்டு.

கடைசியாக, நகல். முன்பு நான் இருந்த ஒரு ஆபீஸில் வருட இறுதிக் கணக்கு ஃபைலின் மேலேயே வேறொரு ஃபைலைத் தவறாக சேவ் செய்துவிட்டோம். பரவாயில்லை, தினமும் இரவு தானாக நகல் எடுக்கிறதே என்று எக்ஸ்டர்னல் டிரைவைத் திறந்தோம். கடைசி நகல் நாலு மாதம் பழையது. டிரைவ் நிரம்பிவிட்டது, நகல் எடுப்பது நின்றுவிட்டது, யாரும் பார்க்கவில்லை. மூன்று பேர் ஒன்பது நாள் உட்கார்ந்து ரசீதுகளிலிருந்து மறுபடி ஏற்றினோம். மேலே சொன்ன அத்தனை ஷார்ட்கட்டும் ஒரு வருடத்தில் மிச்சம் பிடிக்கும் நேரத்தை அந்த ஒன்பது நாள் கொண்டுபோய்விட்டது.

இதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருக்கிறது, அதுவே நகல்தானே என்று கேட்பார்கள். அது ஒத்திசைவு, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். ஆனால் இரண்டிலும் பழைய பதிப்புகளைப் பார்க்கும் வசதி உண்டு. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தோ உள்ளே வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போயோ, அது உங்கள் கணக்கில் எத்தனை நாள் பின்னால் போகிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். அப்புறம் ஒன்றைச் செய்யுங்கள்: மாதத்தில் ஒரு நாள், நகல் இருக்கும் டிரைவிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வேறொரு ஃபோல்டருக்கு எடுத்து, திறந்து, அதில் கடைசியாக இருக்கும் தேதியைப் பாருங்கள். நான் மாதத்தின் முதல் வேலை நாளில் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை.